நூற்று இரண்டு டிகிரிக்கு முன்பு

மூன்று நாட்களாக அவள் குளிர்நீர் வால்வைக் கணினியே ஓட்டும் ‘ஆட்டோ’வில் போடவில்லை. திரையின் மூலையில் ‘மேனுவல்’ என்ற சொல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மேனேஜர் கன்ட்ரோல் ரூமுக்குள் வரும்போதெல்லாம் முதலில் அதைப் பார்த்தார், பிறகுதான் அவளைப் பார்த்தார்.

பலகைகளை ஒட்டும் பசை செய்கிற ஆலை அது. பன்னிரண்டு டன் கொள்ளும் ரியாக்டர் ஒன்று கன்ட்ரோல் ரூமின் கண்ணாடிக்கு அப்பால் மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. அந்த எஃகுக் கலனுக்குள் ஒரு திரவம் இருக்கும். மேலிருந்து இன்னொன்றைச் சிறுகச் சிறுக ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் தானாகவே சூடேறும். கலனைச் சுற்றி ஓடும் குளிர்ந்த நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். எண்பத்தைந்து டிகிரியில் நிற்க வேண்டும். குறைந்தால் பசை ஒட்டாது. கூடினால் வேகம் பிடிக்கும். வேகம் பிடித்தால் இன்னும் சூடு, இன்னும் வேகம். நூற்று ஐந்தைத் தாண்டினால் உச்சியில் இருக்கும் மெல்லிய தகடு கிழிந்து கொதிக்கும் பசை கூரைக்கு மேல் பீறிடும். வேறொரு ஆலையில் அவள் அதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறாள். அன்று ஒருவருக்கு முகம் போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

பதினாறு வருடமாகத் திரை முன் உட்கார்ந்து ரியாக்டரை ஓட்டும் போர்டு ஆபரேட்டர். ஆலையில் எல்லாருக்கும் அவள் ‘போர்டு அக்கா’. அவள் கணவன் அங்கேயே ஃபிட்டர். வால்வு, பம்பு, குழாய் எல்லாம் அவன் பாடு. வீட்டில் எப்படியோ, வாக்கி-டாக்கியில் அவள் ‘கன்ட்ரோல் ரூம்’, அவன் ‘ஃபிட்டர்’. ஊரே கேட்கும் சேனலில் குடும்பம் நடத்தக் கூடாது என்பது இருவருக்கும் ஒப்புதல்.

போன வாரம் குளிர்நீர்க் குழாயில் புது வால்வு மாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தகராறு. ஆட்டோவில் போட்டால் வெப்பநிலை ஊஞ்சல் ஆடியது. அவள் கையில் எடுத்துக்கொண்டு, வால்வை ஒவ்வொரு சதவீதமாகத் திறந்து மூடி, எட்டு மணி நேரமும் கண் எடுக்காமல் ஓட்டினாள். ஒரு கலன் பசை, அதாவது ஒரு பேட்ச், முடிய வழக்கத்தைவிட ஐம்பது நிமிடம் கூடுதலானது.

“ஆட்டோவ டியூனிங் பண்ண வெளியிலேருந்து ஆள் வருது,” என்றார் மேனேஜர்.

வந்து இறங்கியது அவளுடைய கொழுந்தன்.

கணவனின் ஒரே தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்துச் சீருடையில் இருந்தவன். இப்போது முப்பத்து மூன்று வயது, மடிக்கணினி, நான்கு ஆலைகளில் நல்ல பெயர். அவனுடைய கம்பெனியைச் சிபாரிசு செய்தது கணவன்தான். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. சொந்தக்காரர்கள் வேலை செய்யும் இடத்தில் நல்லது நடந்தாலும் பேச்சு, கெட்டது நடந்தாலும் பேச்சு.

“அண்ணி, ரெண்டே நாள். முடிச்சுக் கொடுத்துடறேன்,” என்றான் அவன். “நீங்க இப்படி ராத்திரி பகலா வால்வப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேணாம்.”

“வால்வுதான் தம்பி சரியில்ல.”

“புது வால்வு அண்ணி.”

“புதுசுன்னா? முப்பத்திரண்டு கொடுத்தா அசையல. முப்பத்திமூணு, அசையல. முப்பத்தாறு கொடுத்ததும் திடுக்குனு குதிக்குது. தண்ணி ஓட்டத்தப் பாத்தா தெரியும். நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாரு.”

“பாக்கறேன்,” என்று தலையாட்டினான். ஷிஃப்ட் நோட்டு அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவன் திறக்கவில்லை.

அவன் செய்த சோதனை எளிமையானது. கலனில் வெறும் தண்ணீரை நிரப்பிச் சூடாக்கி, வெப்பநிலை நின்றதும் குளிர்நீர் வால்வை ஒரேயடியாகப் பதினைந்து சதவீதம் திறந்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். வெப்பநிலைக் கோடு இரண்டு நிமிடம் எதுவும் நடக்காததுபோல் நேராகப் போனது. அப்புறம் வளைந்து, மெல்ல இறங்கி, இருபது நிமிடத்தில் புதிய இடத்தில் நின்றது.

“இந்த ரெண்டு நிமிஷம்தான் முக்கியம் அண்ணி. நாம செஞ்சது அதுக்குத் தெரியறதுக்கு ஆகிற நேரம். அப்புறம் இந்த வளைவு, எவ்வளவு சோம்பேறின்னு சொல்லுது. இது ரெண்டும் கிடைச்சா அட்டவணையப் பாத்து மூணு நம்பர் போட்டுடலாம். இப்ப எவ்வளவு விலகியிருக்குன்னு பாத்துத் திருத்தறதுக்கு ஒண்ணு, இதுவரைக்கும் விலகினதைச் சேத்து வச்சுத் திருத்தறதுக்கு ஒண்ணு, எவ்வளவு வேகமா விலகுதுன்னு பாத்து முன்கூட்டியே புடிக்கறதுக்கு ஒண்ணு.”

“உங்க அண்ணன் கோபம் மாதிரி,” என்றாள் அவள். “சொன்னா உடனே ஏறாது. பத்து நிமிஷம் கழிச்சு ஏறும். ஏறிச்சுன்னா அன்னிக்குப் பூரா இறங்காது.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த இரண்டு நாட்களில் அறையில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

தண்ணீரில் ஓட்டிப் பார்த்தபோது அழகாக இருந்தது. மூன்று சின்ன அலை, பிறகு நேர்கோடு. மேனேஜர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பா வைக்க முடியாதா? எனக்குப் பேட்ச் நேரம் நாப்பது நிமிஷம் குறையணும்.”

கொழுந்தன் தயங்கினான். பிறகு முதல் எண்ணைக் கூட்டினான். அவன் தயங்கியதை அவள் கவனித்தாள். அவள் கவனித்ததை அவனும் கவனித்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நிஜ பேட்ச். பத்தே காலுக்கு மேலிருந்து ஊற்றுவது தொடங்கியது. பத்தரைக்கு மேனேஜர், “ஆட்டோ,” என்றார். அவள் அழுத்தினாள். மஞ்சள் போய்ப் பச்சை வந்தது.

முதல் கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. எண்பத்தைந்து, எண்பத்தைந்து புள்ளி மூன்று, எண்பத்து நான்கு புள்ளி எட்டு. பிறகு எண்பத்தாறரை. அடுத்து எண்பத்து மூன்று. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எட்டு நிமிடம் பிடித்தது. எண்பத்தெட்டு. எண்பத்திரண்டு.

கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். “கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டேன் போல. முதல் நம்பரப் பாதியாக் குறைக்கறேன்.”

குறைத்தான். கோடு அடங்கவில்லை. ஆட்டம் மெதுவானதே தவிர உயரம் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் கூடியது. எண்பத்தொன்பது புள்ளி நான்கு.

“தம்பி, நம்பர்ல இல்ல. தண்ணி ஓட்டத்தப் பாரு. படி படியாப் போகுது. ஆட்டோ கேக்குது, வால்வு கேக்கமாட்டேங்குது. கேக்காததுனால அது மேல மேல கேக்குது. அப்புறம் வால்வு ஒரே குதியாக் குதிக்குது.”

அவன் பார்த்தான். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று கட்டளை, சீராக ஏறியது. இன்னொன்று நீரோட்டம், மாடிப்படி மாதிரி இருந்தது. அவன் வாய் லேசாகத் திறந்தது.

“இன்னும் ஒரு சுத்து பாப்போம்,” என்றார் மேனேஜர் பின்னாலிருந்து. “இப்ப கையில எடுத்தா இந்த பேட்ச்சும் ஐம்பது நிமிஷம் லேட். ஆட்டோலேயே இருக்கட்டும்.”

தொண்ணூறு. தொண்ணூற்றொன்று புள்ளி ஐந்து. கொழுந்தன் ஒன்றும் சொல்லவில்லை. மேனுவலுக்குப் போகலாம் என்று அவன் சொல்வான் என அவள் அரை நிமிடம் காத்திருந்தாள். பிற்பாடு அந்த அரை நிமிடத்தைத்தான் அவள் தனக்குத் தானே மன்னிக்கக் கஷ்டப்பட்டாள்.

தொண்ணூற்று மூன்றில் யாரையும் கேட்காமல் மேனுவலை அழுத்தினாள். வால்வுக்கு அறுபது கொடுத்தாள். நீரோட்டம் முப்பதிலேயே நின்றது. எழுபது கொடுத்தாள். முப்பது. நூறு கொடுத்தாள். முப்பது.

“ஒட்டிக்கிச்சு,” என்றாள்.

மேலிருந்து ஊற்றுவதை நிறுத்தினாள். ஆனால் ஏற்கெனவே ஊற்றியது உள்ளே இருந்தது. அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். தொண்ணூற்றைந்தில் அலாரம் அடித்தது. அவள் அதன் வாயை அடைத்துவிட்டு வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

“கன்ட்ரோல் ரூம் டு ஃபிட்டர். கூலிங் வால்வு முப்பதுல ஒட்டிக்கிச்சு. பக்கத்துக் குழாய் வீலக் கையால திறக்கணும். ரெண்டாவது மேடை. சீக்கிரம்.”

“ஃபிட்டர். போயிட்டிருக்கேன்.”

கண்ணாடிக்கு அப்பால் அவன் இரும்புப் படிகளில் இரண்டிரண்டாக ஏறுவது தெரிந்தது. ஒட்டிக்கொண்ட வால்வைத் தொடாமல் வேறு வழியாகத் தண்ணீரை விடும் அந்த வீல் ரியாக்டரின் இடுப்பில், நீராவி வெளியேறும் குழாயின் வளைவுக்கு நேர் கீழே இருந்தது. வளைவின் இணைப்பில் கசிவு உண்டு. ஆறு மாதமாக அது பழுதுப் பட்டியலில் இருக்கிறது.

தொண்ணூற்றேழு.

“தண்ணியக் கவுத்துடு,” என்றார் மேனேஜர். அவர் குரல் மாறியிருந்தது. மேலே ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அத்தனையும் கலனுக்குள் கொட்டும். பேட்ச் போகும், ரியாக்டர் பிழைக்கும்.

“மேல ஆள் இருக்கு சார். கொட்டினா ஆவி அந்த வளைவு வழியா அவர் மேலதான் வரும்.”

“இறங்கச் சொல்லு.”

“இறங்கிட்டா வீலத் திறக்க யாரு?”

தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. வாக்கி-டாக்கியில் கணவனின் மூச்சு கேட்டது. “வீல் இறுகிக் கிடக்கு. சுத்த வரல.”

நாற்காலி கீழே விழும் சத்தம். கொழுந்தன் ஓடிவிட்டான். தலைக்கவசம் மேசையிலேயே இருந்தது. சிறிது நேரத்தில் படிகளில் இன்னோர் உருவம், கையில் நீளமான குழாய்த் துண்டு. இப்போது மேலே இரண்டு பேர்.

சிவப்புப் பொத்தானின் மூடியை அவள் திறந்து வைத்தாள். வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுவந்தாள். பதினாறு வருடத்தில் அந்தச் சேனலில் ஒருபோதும் சொல்லாததைச் சொன்னாள்.

“என்னங்க.”

“சொல்லு.”

“நூத்திரண்டு வந்தா நான் தண்ணிய விட்டுடுவேன். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கீழ வந்துடணும். நான் நிறுத்தமாட்டேன். விட்டுடுவேன்.”

“சரி. நம்பரச் சொல்லிக்கிட்டே இரு. சத்தமா.”

“தொண்ணூத்தொன்பது.”

குழாய்த் துண்டை வீலில் செருகி இருவரும் தோள் கொடுத்துத் தள்ளுவது தெரிந்தது. அவர்கள் முதுகு மட்டும் தெரிந்தது. எது அண்ணன் எது தம்பி என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“தொண்ணூத்தொன்பதே முக்கால்.”

மேனேஜர் அவள் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தார்.

“நூறு. நூறு புள்ளி நாலு. நூறு புள்ளி ஒன்பது. இறங்க ஆரம்பிங்க.”

“இன்னும் ஒரு தள்ளு.”

“நூத்தியொண்ணு. இறங்குங்க. நூத்தியொண்ணு புள்ளி ரெண்டு.”

அவள் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அது குளிர்ந்திருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. நீரோட்டம் முப்பது. முப்பது. முப்பத்து நான்கு. நாற்பத்தேழு.

“வருது,” என்றாள். “தண்ணி வருது. இன்னும் திறங்க.”

அறுபத்தைந்து. ஆனால் வெப்பநிலை உடனே கேட்காது. இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். நூற்றியொன்று புள்ளி ஐந்து. புள்ளி ஏழு.

“என்னம்மா, ஏறுதே,” என்றார் மேனேஜர்.

“இருங்க சார்.”

புள்ளி எட்டு. புள்ளி எட்டு. மூச்சுவிடும் நேரம். புள்ளி எட்டு. புள்ளி ஏழு.

அவள் பொத்தானின் மூடியை மூடவில்லை. வேலை முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும். முழுதாகத் திறந்த நீர் இப்போது கலனை அளவுக்கு மீறிக் குளிர்விக்கும். குளிர்ந்தால் உள்ளே ஊற்றியது வேலை செய்யாமல் சேர்ந்து நிற்கும். பிறகு மறுபடி சூடேறும்போது எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். தொண்ணூற்றைந்தில் இறங்கும்போதே சொன்னாள், “முக்கால் சுத்து மூடுங்க. மூடிட்டு ரெண்டு நிமிஷம் கை வைக்காதீங்க.”

“இன்னும் சூடாத்தானே இருக்கு?”

“நான் சொல்றதக் கேளுங்க.”

மூடினார்கள். காத்திருந்தார்கள். தொண்ணூறு. “கால் சுத்து மூடுங்க.” எண்பத்தெட்டு. “வேணாம், அப்படியே விடுங்க.” எண்பத்தாறு. “அரைக்கால் சுத்து திறங்க.” நாற்பது நிமிடம் இப்படியே போனது. அவள் குரல் சொல்ல, மேலே நான்கு கைகள் வீலைத் திருப்பின. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் காத்திருந்தாள். திரும்பத் திருத்த வேண்டும் என்ற அரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். எண்பத்தைந்து புள்ளி இரண்டில் கோடு படுத்தது.

அதன் பிறகுதான் சிவப்புப் பொத்தானின் மூடியை மூடினாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் கூட்டம். மேசையில் அறிக்கையின் முதல் வரைவு. மேனேஜர் படித்தார். “ஆபரேட்டர் முன் அனுமதியின்றிக் குளிர்நீர் வால்வை மேனுவலுக்கு மாற்றிய நிலையில் வெப்பநிலை கட்டுப்பாட்டை இழந்தது.” தலையை நிமிர்த்தாமல், “இதுல பொய் ஒண்ணுமில்லையே?” என்றார்.

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது; வீலைத் திருப்பியதில் தோல் உரிந்திருந்தது. அவன் கணினியைத் திருப்பி வைத்தான்.

“சார், அவங்க மாத்தினது பதினொண்ணு நாப்பதுக்கு. வால்வு நகராம நிக்க ஆரம்பிச்சது பதினொண்ணு இருபத்திரண்டுக்கு. நான் அட்டவணைய மட்டும் பாத்தேன். பெரிசா ஒரு படி கொடுத்து சோதிச்சேன், அதுல வால்வோட பிசகு தெரியாது. சின்னச் சின்னதாக் கொடுத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். அவங்க மூணு தடவ நோட்டுல எழுதியிருக்காங்க. நான் படிக்கல. மதியம்தான் படிச்சேன்.”

“அப்ப தப்பு உங்களோடதா?”

“ஆமா. நோட்டப் படிக்காதது பாதி. சுறுசுறுப்பாப் போடுன்னு நீங்க சொன்னப்ப முடியாதுன்னு சொல்லாதது மீதிப் பாதி.”

மேனேஜரின் காது சிவந்தது. பேனாவை மேசையில் தட்டினார். “வால்வு ஏன் ஒட்டணும்? புது வால்வு. சரி, மாட்டினது யாரு? உங்க அண்ணன்தானே?”

அண்ணியைக் காப்பாற்ற எடுத்த உண்மை அண்ணன் தலையில் போய் இறங்கும் என்பதைக் கொழுந்தன் யோசிக்கவில்லை. அவன் கணினி மூடியை மெல்லச் சாய்த்தான், மறுபடி நிமிர்த்தினான்.

சுவரோரம் நின்றிருந்த கணவன் முன்னால் வந்தான்.

“நான்தான் சார். மாட்டின மறுநாள் வால்வுத் தண்டுப் பக்கம் தண்ணி சொட்டிச்சு. சொட்டக் கூடாதுன்னு ரெண்டு நட்டையும் கை வலிக்கிற மட்டும் இறுக்கினேன். இறுக்கினா தண்டப் புடிக்கும்னு தெரியும். இறுக்கினதுக்கப்புறம் ஒருதடவ ஓட்டிப் பாக்கணும். பாக்கல. சாப்பாட்டு மணி அடிச்சிடுச்சு.”

சாப்பாட்டு மணி என்று அவன் சொன்னவிதம் அவளை என்னவோ செய்தது. வேறு ஏதாவது பெரிய காரணம் சொல்லியிருக்கலாம். அவன் இருந்ததைச் சொன்னான்.

மேனேஜர் வரைவை நடுவில் கிழித்தார். கோபத்திலா வெட்கத்திலா என்று தெரியவில்லை. புது அறிக்கையில் நான்கு பேருடைய பங்கும் வந்தது; அவருடையது கடைசியில், சின்னதாக ஒரு வரி. கணவனுக்கு ஒரு வாரம் பணியிடை நீக்கம். கொழுந்தனின் கம்பெனி அவனைத் திரும்ப அழைத்தது. அவன் வேலையை முடிக்காமல் வர முடியாது என்று பதில் எழுதிவிட்டுத் தங்கினான்.

அன்று மாலை வீட்டில் கணவன் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் அடுப்பை ஏற்றாமல் எதிரில் நின்றாள்.

“மேல ஏறும்போதே தெரியுமா, நீங்க இறுக்கினதுதான்னு?”

“நீ ஒட்டிக்கிச்சுன்னு சொன்ன நிமிஷமே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா உன் குரல் மாறியிருக்கும். நீ நம்பரச் சொல்றதுதான் எனக்கு அப்ப வேண்டியிருந்தது.”

அவள் அழவில்லை. கோபமாக இருந்தது, அவன்மேலா, தன் அந்த அரை நிமிடத்தின்மேலா என்று பிரிக்க வரவில்லை. “நிஜமாவே விட்டிருப்பேன்,” என்றாள்.

“தெரியும். அதனாலதான் தைரியமாத் தள்ளினேன். நீ சொன்னா சொன்னதுதான். எத்தனை நொடி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது.”

அடுத்த நான்கு நாட்கள் கொழுந்தன் மெதுவாக வேலை செய்தான். வால்வைக் கழற்றி, தண்டைச் சுத்தம் செய்து, கசிவை அடைக்கும் பேக்கிங்கைப் புதிதாகப் போட வைத்தான். ஒரு சதவீதம், அரை சதவீதம் என்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தண்டு அசைகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தான். ஊற்றுவதன் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை சோதனை செய்தான். ஒரே கலன் மூன்று நேரத்தில் மூன்று குணம் காட்டியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நேரத்தில் கலன் முரண்டு பிடிக்கும் என்று சொன்னாள், அவன் எழுதிக்கொண்டான். கிடைத்த எண்கள் மந்தமானவை. நாற்பது நிமிடம் கேட்ட மேனேஜருக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் குறைந்தது.

“அண்ணி, நீங்க அழுத்துங்க,” என்றான் ஐந்தாம் நாள். “நீங்க சரின்னா மட்டும்.”

அவள் நீரோட்டக் கோட்டை மறுபடி ஒருமுறை பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அழுத்தினாள்.

இருவரும் மூன்று மணி நேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கோடு அரை டிகிரிக்குமேல் அசையவில்லை. ஊற்றுவது பாதி முடிந்த வேளையில் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

“தண்ணி குடிச்சிட்டு வரேன் தம்பி. உனக்கு வேணுமா?”

“வேணும் அண்ணி,” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.